சூரியக் காற்றில் வேகத்தைவிடத் திசைதான் முக்கியமா? மன்னார்குடி மாணவருக்கு ஒரு பதில்

மன்னார்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கும் கேள்வி சுருக்கமாக இது: "2024 மே மாதம் சூரியப் புயல் வந்தபோது எல்லாச் செய்தியிலும் 'பி-இசட் (சூரியக் காற்றோடு வரும் காந்தப்புலத்தின் வடக்கு-தெற்குப் பங்கு) தெற்கே திரும்பியது' என்றார்கள். காற்று வேகமாக வீசினால் புயல் பெரிதாகும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் விநாடிக்கு 700 கி.மீ. வேகத்தில் வீசிய நாட்களிலும் ஒன்றுமே நடக்காமல் போயிருக்கிறது. பூமியின் காந்தப்புலம் நம் ஊரில் சுமார் 40,000 நானோடெஸ்லா. சூரியக் காற்றோடு வருவது வெறும் 5. இந்த 5 அந்த 40,000-ஐ என்ன செய்துவிடும்? காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் டெல்டாவுக்கு இதனால் ஏதாவது உண்டா? அண்ணன் வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் ஓட்டுகிறார். ஒரு நாள் மதியம் ஜிபிஎஸ் விட்டுப்போய்த் தென்னையில் மோதிவிட்டது. அது சூரியப் புயலாக இருக்குமா?"

ட்ரோனை முதலில் முடித்துவிடலாம். மதியம் என்றால் அநேகமாகச் சூரியன் காரணமில்லை, தம்பி. தென்னந்தோப்பு ஓரத்தில் பறக்கும்போது மட்டைகள் பாதி வானத்தை மறைத்துவிடும், செயற்கைக்கோள் எண்ணிக்கை குறையும். மோட்டார் கொட்டகை, டிராக்டர், இரும்புக் குழாய் பக்கத்தில் இருந்தால் ட்ரோனின் காந்த ஊசிக்கும் குழப்பம் வரும். 2024 மே போன்ற பெரிய காந்தப் புயலிலேயே நம் ஊர்ப் புலத்தில் வரும் மாற்றம் சில நூறு நானோடெஸ்லா, அதாவது ஒரு சதவீத அளவு. அதுவும் பெரும்பாலும் வடக்கு-தெற்காகவே கூடிக் குறைவதால் ஊசி காட்டும் திசை திரும்புவது மிகக் கொஞ்சம். ஓரமாக நிறுத்தியிருக்கும் டிராக்டர் அதைவிட அதிகம் திருப்பிவிடும். சூரியன்மேல் பழி போடக்கூடிய நேரம் ஒன்று உண்டு, அது மதியம் அல்ல. பின்னால் வருகிறேன்.

இப்போது 5-க்கும் 40,000-க்கும் வருவோம். கேள்வி சரியான கேள்விதான், ஒப்பிட்ட இடம்தான் தப்பு. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்று மன்னார்குடிக்கு வந்து மோதுவதில்லை. பூமியின் காந்தப்புலம் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. நடுக்கோட்டில் தரையில் சுமார் 30,000 என்று வைத்துக்கொண்டால், பூமியின் ஆரத்தைப்போல் 10 மடங்கு தூரத்தில், அதாவது மையத்திலிருந்து சுமார் 64,000 கி.மீ.யில், அது ஆயிரத்தில் ஒரு பங்காகி 30 நானோடெஸ்லாதான். அங்கே எல்லையில் ஓடும் மின்னோட்டம் உள்பக்கப் புலத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குவதால் 60 என்று கொள்ளலாம். அந்தப் பக்கம் சூரியக் காற்றின் 5 நானோடெஸ்லாவும் அப்படியே இருப்பதில்லை. ஒலியைவிட வேகமாக வருகிற காற்று பூமிக்கு முன்னால் ஓர் அதிர்ச்சி அலையில் திடீரென வேகம் குறைகிறது, நெருங்குகிறது, சூடாகிறது. காற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் புலமும் சேர்ந்து நெருங்கி, எல்லைக்கு வரும்போது 20 வரை போய்விடுகிறது. ஆக மோதல் 5-க்கும் 40,000-க்கும் அல்ல, 20-க்கும் 60-க்கும். இது சமமான ஆட்டம்.

எல்லை ஏன் சரியாக அங்கே நிற்கிறது என்பதை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குதான். ஒரு கன சென்டிமீட்டருக்கு 5 புரோட்டான், வேகம் விநாடிக்கு 400 கி.மீ. என்று வையுங்கள். நிறை அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் காற்றின் அழுத்தம் சுமார் 1.3 நானோபாஸ்கல். காந்தப்புலத்துக்கும் அழுத்தம் உண்டு: புலத்தின் வர்க்கத்தை, வெற்றிடத்தின் உட்புகுதிறனின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 60 நானோடெஸ்லாவுக்கு அது 1.4 நானோபாஸ்கல். இரண்டும் ஒத்துப்போகிற இடத்தில் எல்லை நிற்கிறது.

இதே கணக்கு வேகத்தைப் பற்றிய உங்கள் சந்தேகத்தையும் தீர்த்துவிடும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். ஆனால் புலத்தின் அழுத்தம் தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் ஏறுவதால், எல்லை 10 பூமி ஆரத்திலிருந்து சுமார் 8-க்கு நகரும். அவ்வளவுதான். பூமியின் புலம் நெருக்கப்படும், தரையிலுள்ள காந்தமானிகளில் சில பத்து நானோடெஸ்லா அளவுக்குத் திடீரென ஒரு தாவல் தெரியும், பிறகு அமைதியாகிவிடும். வேகம் மட்டும் செய்வது இவ்வளவே. 700 கி.மீ. வேகத்தில் வீசியும் ஒன்றும் நடக்காத நாட்கள் இந்த வகை.

சிட்னி சாப்மனும் வின்சென்ட் ஃபெராரோவும் 1931-லேயே இந்தப் படத்தை வரைந்துவிட்டார்கள்: சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்கள் பூமியின் புலத்தைச் சுற்றி ஒரு குழியை உண்டாக்கிவிட்டு ஒதுங்கிப் போகும். குழி மூடியது. உள்ளே எதுவும் வர வழியில்லை. ஏன் வழியில்லை என்பதற்குக் காரணம் சுவீடன் இயற்பியலாளர் ஹான்னஸ் ஆல்ஃபனின் 1942 கருத்து. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் பிளாஸ்மாவில், அதாவது மின்னேற்றத் துகள்களாலான வாயுவில், காந்தப் புலக்கோடுகள் உறைந்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்மா எங்கே போகிறதோ கோடும் அங்கே போகும். சூரியனின் கோட்டில் ஒட்டிய பிளாஸ்மாவும் பூமியின் கோட்டில் ஒட்டிய பிளாஸ்மாவும் ஒன்றோடொன்று கலக்க முடியாது. இந்த விதி முழுக்க உண்மையாக இருந்தால் துருவ ஒளியும் இல்லை, காந்தப் புயலும் இல்லை. ஆல்ஃபனே பிற்காலத்தில், தன் கருத்தை எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தாதீர்கள் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கை சரி. விதி உடையும் இடத்தில்தான் நம் கதையே இருக்கிறது.

1961-ல் ஜேம்ஸ் டன்ஜி என்ற ஆங்கிலேயர் ஒரு சின்னக் கட்டுரையில் அந்த இடத்தைக் காட்டினார். நம் ஊரில் ஒரு காந்த ஊசியை நடுவில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். கிட்டத்தட்ட கிடையாக நின்று வடக்கைக் காட்டும். ஐரோப்பாவில் செய்தால் ஊசி தரையை நோக்கிச் சாய்ந்துவிடும், காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்குச் சாயாது. நண்பகலில் நம் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருந்து அந்த 64,000 கி.மீ. எல்லையைத் தொட்டாலும் அங்கேயும் பூமியின் புலம் வடக்கையே காட்டும். இப்போது வெளியிலிருந்து வரும் சூரியப் புலமும் வடக்கைக் காட்டினால் இரண்டும் ஒரே திசை, அருகருகே படிந்து நிற்கும், பெரிதாக ஒன்றும் ஆகாது. வெளியிலிருந்து வருவது தெற்கைக் காட்டினால் நேர் எதிரான இரண்டு புலங்கள் ஒரு மெல்லிய மின்னோட்டத் தகட்டின் இரு பக்கமும் அழுத்திக்கொண்டு நிற்கும். அந்தத் தகடு சில கிலோமீட்டர் அளவுக்கு மெலியும்போது எலக்ட்ரான்களால்கூடத் தங்கள் கோட்டைப் பிடித்துக்கொள்ள முடிவதில்லை. உறைநிலை விதி அங்கே மட்டும் உடைகிறது. சூரியனின் கோடும் பூமியின் கோடும் வெட்டுப்பட்டு, குறுக்காக ஒட்டிக்கொள்கின்றன. ஒரு முனை பூமியின் துருவத்திலும் மறுமுனை சூரியக் காற்றிலும் இருக்கிற புதுக்கோடுகள் பிறக்கின்றன. இதற்குத்தான் காந்த மறுஇணைப்பு என்று பெயர். புலக்கோடு என்பதே நாம் வரைந்துகொள்ளும் கோடுதான், நூல்போல் நிஜமாக அறுவதில்லை. ஆனாலும் துகள்கள் அந்தக் கோடு வழியே ஓடுவதால் இப்படிப் பேசுவதில் தவறு வராது.

பி-இசட் என்பது வேறொன்றுமில்லை, சூரியக் காற்றின் புலத்தில் வடக்கு-தெற்கு அச்சில் உள்ள பங்கு. கூட்டல் என்றால் வடக்கு, கழித்தல் என்றால் தெற்கு.

5 எப்படி அவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது என்பதற்கு உங்கள் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பாமணியாற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போனாலும் ஷட்டரைத் தூக்கினால்தான் வாய்க்காலுக்கு வரும். ஷட்டரைத் தூக்கப் பெரிய பலம் வேண்டாம். வயலுக்குள் பாய்கிற வேகம் ஆற்றுடையது, தூக்குகிற ஆளுடையது அல்ல. சூரியக் காற்றின் புலம் ஷட்டர். ஆற்றல் முழுவதும் காற்றின் ஓட்டத்தில் இருக்கிறது. ஒரு வித்தியாசம் மட்டும்: இங்கே ஆறே தன் ஷட்டரைத் தானே தூக்கிக்கொள்கிறது, எப்போது தூக்கும் என்று யாருக்கும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

எவ்வளவு பாய்கிறது? அதையும் போட்டுப் பார்க்கலாம். காற்றின் வேகத்தைத் தெற்குப் புலத்தால் பெருக்கினால் மின்புலம் கிடைக்கும். 400 கி.மீ. வேகம், 5 நானோடெஸ்லா தெற்கு என்றால் மீட்டருக்கு 2 மில்லிவோல்ட். பார்க்க அற்பம். ஆனால் காந்தமண்டலத்தின், அதாவது அந்த எல்லைக்குள் பூமியின் புலம் பரவியிருக்கும் இடத்தின், குறுக்களவு 30 பூமி ஆரம், கிட்டத்தட்ட 1,90,000 கி.மீ. இரண்டையும் பெருக்கினால் 3,80,000 வோல்ட்! இதில் ஐந்தில் ஒரு பங்கோ பத்தில் ஒரு பங்கோதான் உள்ளே இறங்குகிறது. அப்படியும் திறந்த கோடுகள் ஊன்றியிருக்கும் துருவப் பகுதியான துருவத் தொப்பியின் குறுக்கே சில பத்தாயிரம் வோல்ட் எந்நேரமும் நிற்கிறது. பெரிய புயலில் அது இரண்டு லட்சத்தை நெருங்கி அதற்கு மேல் ஏற மறுக்கிறது. 2024 மே புயலில் வேகம் 700-க்கு மேல், தெற்குப் புலம் 40-க்கு மேல். பெருக்கினால் மீட்டருக்கு 28 மில்லிவோல்ட், சாதாரண நாளைப்போல் 14 மடங்கு. வேகம் அதில் இரண்டு மடங்கைக்கூடத் தரவில்லை. மீதி முழுவதும் புலத்தின் அளவும் திசையும் கொடுத்தது. கூடவே அழுத்தம் எல்லையை நெருக்கி, தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள்கள் சுற்றும் 36,000 கி.மீ. பாதைக்கும் உள்ளே தள்ளியது. அந்த நேரத்தில் பகல் பக்கம் இருந்த செயற்கைக்கோள்கள் பூமியின் காந்தப் பாதுகாப்புக்கு வெளியே நின்றன.

திறந்த கோடுகளுக்கு என்ன ஆகிறது என்றும் சொல்ல வேண்டும். ஒரு முனையைக் காற்று இழுத்துக்கொண்டு போக, மறுமுனை துருவத்தில் ஊன்றியிருக்க, கோடு துருவத்தின் மேலாகப் பின்னுக்கு இழுபட்டு இரவுப் பக்கத்தில் நீண்ட வாலாகிறது. அந்த வால் நிலவின் பாதையையும் தாண்டிப் போகிறது. பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் சில நாள் நிலவே அதற்குள் நுழைந்து வெளியே வருகிறது. வாலில் கோடுகள் குவியக் குவிய மேல்பாதியும் கீழ்பாதியும் எதிரெதிர்த் திசையில் நெருங்கும். அங்கேயும் ஒரு மறுஇணைப்பு நடக்கும். மூடிய கோடுகள் சுருக்கென்று பூமியை நோக்கித் திரும்பி, துகள்களைச் சூடாக்கி உள்ளே தள்ளும். ஒரு பங்கு துருவப் பகுதியில் கொட்டி ஒளியாகிறது. இன்னொரு பங்கு பூமியைச் சுற்றி ஓடும் வளைய மின்னோட்டத்தில் சேர்கிறது. பிறகு கோடுகள் மெல்லப் பகல் பக்கத்துக்கே திரும்பி வரும். இது டன்ஜி சுழற்சி. முன்னால் திறப்பது சீராகவும் பின்னால் மூடுவது வெடித்து வெடித்தும் நடக்கும் என்பதுதான் இதில் தொல்லை. வாலில் எவ்வளவு சேர்ந்தால் எப்போது வெடிக்கும் என்ற கேள்வியில் ஐம்பது வருடமாகச் சண்டை ஓயவில்லை.

புயலின் அளவைச் சொல்லும் டிஎஸ்டி எண் இந்த வளைய மின்னோட்டத்தைத்தான் அளக்கிறது. அந்த மின்னோட்டம் பூமியின் வடக்கு நோக்கிய புலத்துக்கு எதிர்ப்புலம் தருவதால் தரையில் புலம் குறையும். தென்னாப்பிரிக்காவின் ஹெர்மானஸ், ஜப்பானின் ககியோகா, ஹொனலுலு, சான் ஹுவான் ஆகிய நான்கு நிலையங்களின் அளவை வைத்துக் கணக்கிடுகிறார்கள். எண் −100 என்றால் வளையத்தில் சேர்ந்திருக்கும் ஆற்றல் சுமார் 4-ஐ அடுத்துப் பதினைந்து சுழியம் ஜூல்; மின்வாரியக் கணக்கில் நூறு கோடி யூனிட்டுக்கு மேல். 2024 மேயில் அது −400-ஐத் தாண்டியது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேர் 9 மணி நேரம் இருளில் கிடந்த 1989 மார்ச் புயலில் −589. 1859-ல் இந்த எண்ணே கிடையாது. ஆனால் பம்பாய் கொலாபா காந்த ஆய்வகத்தில் அன்று கையால் பதிந்த அளவுகளில் புலம் 1,600 நானோடெஸ்லா சரிந்தது தெரிகிறது. நடுக்கோட்டை ஒட்டிய பகுதியில் அந்தப் புயலுக்குக் கிடைத்த அருமையான பதிவு அது. பிற்பாடு பம்பாயில் மின்சார டிராம் வரவிருந்ததால் கருவிகளை அலிபாகுக்கு மாற்றினார்கள்.

இதெல்லாம் நிஜமா, தாளில் போட்ட கணக்கா என்று கேட்பீர்கள். 1966-ல் ஃபேர்ஃபீல்டும் கேஹிலும் எக்ஸ்ப்ளோரர் 12 செயற்கைக்கோளின் அளவுகளைத் தரைக் காந்தமானிகளோடு ஒப்பிட்டு, வெளிப்புலம் தெற்கே இருக்கும்போதுதான் குழப்பம் என்று காட்டினார்கள். 1978-ல் ஐசீ செயற்கைக்கோள்கள் எல்லையைக் கடக்கும்போது, மறுஇணைப்பு நடந்தால் பீறிட வேண்டிய வேகப் பிளாஸ்மாத் தாரைகளை நேரிலேயே பிடித்தன. 2015 மார்ச்சில் ஏவிய எம்எம்எஸ் என்ற நான்கு செயற்கைக்கோள் கூட்டம் அதே வருடம் அக்டோபர் 16 அன்று எலக்ட்ரான்கள் கோட்டை விடுகிற அந்தக் குட்டி இடத்துக்குள்ளேயே புகுந்து அளந்தது. 1961 கட்டுரைக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.

வடக்கே இருந்தால் கதவு சுத்தமாக மூடிவிடுமா என்றால் அதுவும் இல்லை. டன்ஜி எழுதிய அதே 1961-ல் ஆக்ஸ்ஃபர்டும் ஹைன்ஸும் காற்று எல்லையை உரசிக்கொண்டு போவதாலேயே கொஞ்சம் உந்தம் உள்ளே இறங்கும் என்றார்கள். காற்று உரசும் பக்கவாட்டுகளில் அலைகள் எழுந்து சுருண்டு சுழல்களாவதை 2000-களில் கிளஸ்டர் செயற்கைக்கோள்கள் பார்த்தன. வடக்குப் புலம் துருவத்துக்குப் பின்னால் வேறொரு இடத்தில் இணைவதும் உண்டு. ஆனால் இவற்றால் பெரிய புயல் வராது. இதை நான் இத்தோடு விடுகிறேன்.

சரி, தெற்குப் புலம் எங்கிருந்து வருகிறது? அமைதியான நாட்களில் அது அவ்வளவாக வரக்கூடாது. சூரியன் சுழன்றுகொண்டே காற்றை வீசுவதால் அதன் புலக்கோடுகள் சுருள் வடிவில் கோள்களின் தளத்திலேயே படிந்து வரும். பூமிக்கு வரும்போது சுமார் 45 பாகை சாய்வு. வடக்கு-தெற்குப் பங்கு சும்மா மேலும் கீழும் ஆடும். இந்தச் சுருளைச் சொன்னவர் யூஜின் பார்க்கர், 1958-ல். சூரியக் காற்று என்ற ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்ற அந்தக் கட்டுரையை மதிப்பீட்டாளர்கள் இருவரும் வேண்டாம் என்றார்கள். இதழாசிரியராக இருந்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகருக்கும் அந்தக் கருத்தில் நம்பிக்கையில்லை. ஆனால் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதால் வெளியிட்டுவிட்டார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர் எடுத்த முடிவு. நான்கே வருடத்தில் மரைனர் 2 காற்றை நேரில் அளந்தது.

பெரிய தெற்குப் புலம் சூரியனிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும் பிளாஸ்மாத் திரள்களோடு வருகிறது. அவற்றுக்குள் புலம் முறுக்கிய கயிறு வடிவில் இருக்கும். கயிறு பூமியைக் கடக்கும்போது ஒரு பகுதியில் வடக்கும் இன்னொரு பகுதியில் தெற்குமாகப் பல மணி நேரம் ஒரே பக்கம் நிற்கும். அந்த நீடிப்புதான் ஆபத்து. ஐந்து நிமிடம் தெற்கே போய்த் திரும்பினால் வளைய மின்னோட்டம் நிரம்பாது, மூன்று மணி நேரம் நின்றால் புயல். 2024 மேயில் ஒரே கரும்புள்ளிக் கூட்டத்திலிருந்து அடுத்தடுத்துப் பல திரள்கள் கிளம்பி, பின்னால் வந்தது முன்னால் போனதை இடித்து நெருக்கியது. இன்னொரு சின்ன விஷயம்: மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிப் பூமியின் அச்சு சாய்ந்திருக்கும் விதத்தால், கோள்தளத்தில் படிந்து வரும் சாதாரணப் புலத்துக்கே பூமியின் கணக்கில் ஒரு தெற்குப் பங்கு கிடைத்துவிடும். அந்த மாதங்களில் புயல் கூடுதல். ரஸ்ஸலும் மக்ஃபெரனும் 1973-ல் கொடுத்த விளக்கம் இது.

டெல்டாவுக்கு வருவோம். லடாக்கின் ஹான்லேயில் மே 10 இரவு வானம் சிவந்ததை அங்குள்ள ஆய்வகக் காமிரா பிடித்தது. கும்பகோணத்தில் மொட்டைமாடியில் விடிய விடிய நின்றிருந்தாலும் ஒன்றும் தெரிந்திருக்காது, ஒளி வடக்கு அடிவானத்துக்கும் மிகக் கீழே. அதனால் நமக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பது தவறு. காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்குப் பக்கமாகப் போகிறது. அதன் இரு பக்கமும் சுமார் 3 பாகை அகலத்தில், 105 கி.மீ. உயரத்தில், பகலில் கிழக்கு நோக்கி ஒரு மின்தாரை ஓடுகிறது. தும்பாவில் 1963-ல் ஏவுதளம் போட்டதே இதன் அடியில் நின்று ஆராயத்தான். வேதாரண்யம் முதல் மயிலாடுதுறை வரை உள்ள நாம் அந்தப் பட்டையின் வடக்கு ஓரத்தில் இருக்கிறோம்.

வெளியே பி-இசட் தெற்கே திரும்பியதும் துருவத்தில் இறங்குகிற மின்புலம் நடுக்கோட்டை எட்டப் பல நாள் எடுத்துக்கொள்வதில்லை, பல மணி நேரம்கூட இல்லை. சில நிமிடத்தில் வந்துவிடுகிறது. வளைய மின்னோட்டப் பகுதி தன் மின்னேற்றங்களை ஒழுங்குபடுத்தி மறைப்புப் போடும் வரைக்கும், சில பத்து நிமிடம், அந்த மின்புலம் தடையில்லாமல் ஊடுருவும். பகலில் அது மின்தாரையின் திசையிலேயே இருப்பதால் தாரை வலுக்கிறது. பி-இசட் சட்டென்று வடக்கே திரும்பினால் போட்டிருந்த மறைப்பே எதிர்ப்புலமாகித் தாரையை மேற்காகக்கூடத் திருப்பிவிடும். நம் நாட்டில் ஆர்.ஜி. ரஸ்தோகி போன்றவர்கள் 1970-களிலேயே இதைத் தென்னக நிலையங்களின் பதிவுகளில் படித்துக் காட்டினார்கள். பி-இசட் வரைபடத்தையும் திருநெல்வேலிக் காந்தமானி வரைபடத்தையும் ஒரே நேர அச்சில் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத் தாமதத்தைக் கழித்துவிட்டால் ஏற்ற இறக்கம் அப்படியே பேசிக்கொள்ளும். இந்தத் துறையில் எனக்குப் பிடித்த காட்சி இதுதான்.

இப்போது அண்ணனின் ட்ரோனுக்கு ஆபத்தான நேரம். சூரியன் மறைந்த பிறகு நடுக்கோட்டுப் பகுதியில் அயனி மண்டலத்தின், அதாவது உயரே மின்னேற்றம் பெற்றிருக்கும் காற்றின், மேலடுக்கு உயரே தூக்கப்படும். அடியில் நீர்த்தும் மேலே கெட்டியாகவும் நிற்கும் அந்த அடுக்கு கவிழ்ந்து, எலக்ட்ரான் குறைந்த குமிழ்கள் மேலே பீறிடும். அவை வழியே வரும் ஜிபிஎஸ் சிக்னல் ஏறி இறங்கித் துடிக்கும், சில நேரம் அறுந்தே போகும். மார்ச்-ஏப்ரல், செப்டம்பர்-அக்டோபர் மாதங்களில், சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் வருடங்களில், இரவு ஏழரைக்கு மேல் நள்ளிரவு வரை இது நமக்குச் சகஜம். இதற்குப் புயலே தேவையில்லை. அந்தி நேரத்தில் பி-இசட் தெற்கே திரும்பினால் ஊடுருவும் மின்புலம் அடுக்கை இன்னும் உயரத் தூக்கிக் குமிழ்களைப் பெருக்கும். வேடிக்கை என்னவென்றால் மறுநாள் நிலைமை தலைகீழாகலாம். துருவப் பகுதியில் சூடேறிய காற்று நடுக்கோடு வரை வீசி எதிர் மின்புலத்தை உண்டாக்கி, அன்றைக்கு வர வேண்டிய குமிழ்களை அடக்கிவிடும். அதாவது புயலுக்கு மறுநாள் இரவு கோடியக்கரைப் படகில் ஜிபிஎஸ் வழக்கத்தைவிட ஒழுங்காகவே வேலை செய்யக்கூடும். சாயங்காலத் தெளிப்பை ஏழு மணிக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள். ட்ரோன் பதிவில் செயற்கைக்கோள் எண்ணிக்கை எந்த நிமிடத்தில் விழுந்தது என்று இருக்கும். தோப்பை ஒட்டிப் போனபோது விழுந்திருந்தால் காரணம் தோப்பு.

முன்னறிவிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. திரள் கிளம்பியதைக் கண்ணால் பார்த்து இரண்டு மூன்று நாள் முன்னதாகவே சொல்லிவிட முடிகிறது, வந்து சேரும் நேரத்தைச் சில மணி நேரப் பிழையோடு சொல்ல முடிகிறது. அதற்குள் இருக்கிற கயிறு எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறது என்பதை மட்டும் அது பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தூரத்துக்கு வரும்வரை உறுதியாகச் சொல்ல வழியில்லை. அங்கே, பூமிக்கும் சூரியனுக்கும் நடுவில் பூமியோடு சேர்ந்தே சுற்றக்கூடிய முதலாம் லக்ராஞ்சியப் புள்ளியில், அமெரிக்காவின் ஏஸ், டிஸ்கவர் ஆகியவற்றோடு நம் ஆதித்யா-எல்1-உம் நிற்கிறது. 2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி 2024 ஜனவரி 6-ல் போய்ச் சேர்ந்தது. திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டைக்காரர் நிகர் ஷாஜி. அதில் 6 மீட்டர் நீளக் கையில் பொருத்திய காந்தமானி பி-இசட்டை அளக்கிறது. 400 கி.மீ. வேகக் காற்று அங்கிருந்து பூமிக்கு வர ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், 800 என்றால் அரை மணி. செய்தியில் "மாபெரும் புயல் வருகிறது" என்று இரண்டு நாள் முன்பே தலைப்பு வந்தால் அதில் பாதிதான் தெரிந்த விஷயம். திரள் வந்து சேர்ந்த பிறகு வேக வரைபடத்தை விட்டுவிட்டு பி-இசட் கோட்டைப் பாருங்கள். பூஜ்யத்துக்கு மேலேயே இருந்தால் படுத்துத் தூங்கலாம். −10-க்குக் கீழே போய் மூன்று மணி நேரம் ஏறாமல் நின்றால் ஹான்லே காமிராவின் படங்களைத் தேட ஆரம்பிக்கலாம்.